வகுப்பறையில் கட்டுக்கடங்காத குழந்தை: பெற்றோர் அறிய வேண்டியவை

உங்கள் குழந்தை பிற மாணவர்களை அடிப்பதாகவோ, பொருள்களை வீசி எறிவதாகவோ, ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை என்றோ பள்ளியிலிருந்து தகவல் வந்திருக்கலாம். இத்தகைய நடத்தை ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. அதன் காரணத்தைக் கண்டறியும் வரை பிற குழந்தைகளின் பாதுகாப்பையும் உறுதி செய்ய வேண்டும்.

காரணங்கள் யாவை?

முதலில் எளிதில் சரிசெய்யக்கூடியவற்றைப் பாருங்கள். காது சரியாகக் கேளாத குழந்தையும் கரும்பலகை தெளிவாகத் தெரியாத குழந்தையும் ‘சொன்னதைக் கேட்பதில்லை’ என்று பெயரெடுப்பதுண்டு. சில விநாடிகள் அசைவின்றி வெறித்துப் பார்ப்பது ஒருவகை வலிப்பாகவும் இருக்கக்கூடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிப் பெற்றோர் தூக்கத்தைத் தனியே கவனிக்க வேண்டும். தாய் பகல் ஷிப்டிலும் தந்தை இரவு ஷிப்டிலும் பணிபுரியும் ஓர் அறை வாடகை வீட்டில், குழந்தை உறங்கும் நேரம் வாரந்தோறும் மாறிப்போகிறது. பள்ளி வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்த பெரியவர்கள் சோர்ந்து போவார்கள்; குழந்தைகளோ பெரும்பாலும் துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள். பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு வகுப்பில் பேசப்படும் மொழியே புரியாதிருக்கலாம். அதைக் கீழ்ப்படியாமை என்று கொள்ளலாகாது.

கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) இருப்பின், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படும். பள்ளியில் மட்டும் தொல்லை என்றால், கற்றல் குறைபாடு உள்ளதா, யாரேனும் குழந்தையைக் கேலி செய்து துன்புறுத்துகிறார்களா என விசாரியுங்கள்.

எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட முடியாது என்பதையும் கூற வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதன் பின்னணி சாதி. அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அத்தகைய வன்முறைக்கு மாத்திரை இல்லை.

அடித்தால் திருந்துமா?

‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்’ என்று ஆசிரியரிடம் கூறும் பெற்றோர் இன்றும் உள்ளனர். அடி அந்த நேரத்திற்கு அடக்கும். கோபம் வந்தால் கையை ஓங்கலாம் என்பதையும் கற்பித்துவிடும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரிவு 16-இன்படி, 8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. எனவே, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக் கொள்ளுமாறு கூறப்பட்டால் உடனே இசைய வேண்டியதில்லை. ஆனால், அடிபட்ட குழந்தையின் பெற்றோரது அச்சமும் நியாயமானதே. ‘என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்’ என்று மறுப்பதைவிட, இருக்கையை மாற்றுதல், இடைவேளையில் கூடுதல் கண்காணிப்பு போன்ற ஏற்பாடுகளைத் தலைமையாசிரியருடன் பேசி எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

குழந்தை கட்டுமீறும் வேளையில் இழுத்துப் பிடிப்பதும் உரக்க அதட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். மற்ற மாணவர்களை வெளியே அனுப்பி, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில், சில சொற்களில் பேச வேண்டும். அறிவுரையைக் குழந்தை அமைதியடைந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

எங்கு செல்வது?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது வட்ட அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ, 18 வயது வரையுள்ளோருக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. இருப்பின் முதற்சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சியே, மாத்திரையன்று. பெரிய குழந்தைக்கு மருந்து தொடங்கினால் பசியும் எடையும் குறைகின்றனவா, தூக்கம் கெடுகிறதா எனக் கவனித்து மருத்துவரிடம் கூறுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

வரும்போது, எந்த நேரத்தில், எந்தப் பாடவேளையில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தபின் குழந்தை கட்டுமீறியது என்று ஆசிரியர் எழுதிய குறிப்பைக் கொண்டு வாருங்கள். ‘எப்போதும் சேட்டை’ என்ற ஒற்றை வரியைக் கொண்டு எங்களால் அதிகம் செய்ய இயலாது.

இறந்துவிடப் போவதாகக் குழந்தை கூறினாலோ, ஆயுதம் எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தை துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால் 1098, பள்ளி தொடர்பான உதவிக்கு 14417.