பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த குருதி



நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்பிக்கும்போது, "மருத்துவர் நோயைக் கண்டறிந்தார்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு தடுமாற்றம் அடங்கியுள்ளது என்பதற்கு 'லெஜியனேர்' நோயின் வரலாறு நல்ல சான்று.

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பெல்வியூ ஸ்ட்ராட்போர்ட் என்னும் தங்கும் விடுதியில் 'அமெரிக்கன் லெஜியன்' எனும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடைபெற்றது. வீடு திரும்பிய பலர் கடுங்காய்ச்சலுடனும் இருமலுடனும் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். விடுதிக்கு வெளியே தெருவில் சென்றவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றனர். 34 பேர் மாண்டனர். நுரையீரல் அழற்சி என்பது தெரிந்தது. காரணந்தான் பிடிபடவில்லை. நிக்கல் நஞ்சாக இருக்குமோ என்றுகூட ஐயுற்றனர்.

கிருமி ஒளிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பாக்டீரியாவைக் காட்டும் வழக்கமான கிராம் சாயம் இதன்மேல் சரியாக ஏறாது. ஆய்வுக்கூடங்களின் வழக்கமான ஊட்டப்பொருளில் இது வளராது. இரும்புச் சத்தும் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர் ஜோசப் மெக்டேட், கினிப்பன்றித் திசுக்களில் கோல் வடிவக் கிருமிகள் சிலவற்றை முன்பே கண்டிருந்தார், பொருட்படுத்தவில்லை. ஆண்டிறுதியில் அதே கண்ணாடித் தகடுகளை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்துப் பொறுமையாகத் தேடினார். இம்முறை கிருமிகள் கூட்டமாகத் தென்பட்டன. கோழி முட்டைக் கருவில் அவற்றை வளர்த்து, நோயாளிகளின் குருதிநீருடன் சேர்த்துச் சோதித்தார். குணமடைந்தோர் குருதியில் அக்கிருமிக்கான எதிர்ப்பொருள் பெருகியிருந்தது. 1977 ஜனவரியில் செய்தி வெளியானது.

என்னை மிகவும் நெகிழ வைப்பது இதற்கடுத்த பகுதி. 1965ஆம் ஆண்டு வாஷிங்டனிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் 81 நோயாளிகளுக்கு இத்தகைய அழற்சி ஏற்பட்டது, சிலர் இறந்தனர். விடை கிடைக்காத நிலையிலும் அவர்களது குருதிநீரை யாரோ பொறுப்புடன் உறையவைத்துப் பாதுகாத்திருந்தனர். 1977இல் அதைச் சோதித்தபோது அதே கிருமியின் சுவடு கிடைத்தது. மனநோயாளிகள் என்பதற்காக எவரும் அந்தப் புட்டிகளைக் கழித்துவிடவில்லை.

ஆனால், எதிர்ப்பொருள் பெருகப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். படுக்கையில் மூச்சுக்குத் திணறுபவருக்கு அவ்வளவு அவகாசம் ஏது? பென்சிலினும் இந்நோய்க்குப் பயன்படாது. ஆகவே சிறுநீரில் கிருமியின் கூறுகளைக் கண்டறியும் விரைவுச் சோதனை பெரும் பேறாக அமைந்தது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அது பெரும்பாலும் முதலாம் வகைக் கிருமியை மட்டுமே காட்டும். மருத்துவமனை நீர்க்குழாய்களிலிருந்து பரவுவது பிற வகையாகவும் இருக்கலாம். அதனால், 'இல்லை' என்று முடிவு வந்தாலும் சளியையும் எடுத்துச் சோதிக்க வேண்டியுள்ளது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கலாம். வீட்டுப் பெரியவர் நுரையீரல் அழற்சியோடு சேர்க்கப்பட்டால், அண்மையில் எந்த விடுதியில் தங்கினார், எந்த மருத்துவமனையில் இருந்தார் என்பதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிடுங்கள். எந்தச் சோதனைக்கு எழுதுவது என்பது பல வேளைகளில் அந்தத் தகவலைப் பொறுத்தே முடிவாகிறது.