ஒரு போத்தல் என்றால் எவ்வளவு?



எங்கட பக்கம் பாலும் தேனும் இன்னும் போத்தல் கணக்கில்தான் கைமாறுகிறது. இது வெள்ளைக்காரன் காலத்து அளவு. 6 போத்தல் ஒரு கலன். இன்றைய கணக்கில் ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். லீற்றர் வந்து பல வருடம் ஆகியும் வாயில் போத்தல்தான் நிற்கிறது.

திரவத்தை அளப்பது பழைய பிரச்சினை. பண்டைய எபிரேயர்கள் எண்ணெயையும் திராட்சை ரசத்தையும் லோக், ஹின், பாத் என்று அளந்தார்கள். 12 லோக் ஒரு ஹின், 6 ஹின் ஒரு பாத். லோக் என்பது 6 கோழி முட்டையின் அளவு என்று யூத அறிஞர்கள் கணக்கிட்டார்கள். முட்டையோ ஆளுக்கு ஆள் வேறு. பைபிளில் எசேக்கியேல் 45ஆம் அதிகாரம் நீதியான பாத் வேண்டும் என்று கட்டளையாகவே சொல்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்காக 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அளவில் சச்சரவு வராமல் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரிலேயே மரக்கால் இருந்தது.

மதீனாவில் முத், ஸாஃ. இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் ஒரு முத், 4 முத் ஒரு ஸாஃ. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பைப்பைத் திறந்துவிட்டு வுழூச் செய்யும் நாங்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஸாஃ 8 றாத்தல் என்பது கூஃபாவில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர் அபூ யூஸுப் (ரஹ்) மதீனா போனபோது, அவ்வூரார் பரம்பரையாக வீட்டில் வைத்திருந்த ஸாஃ பாத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அளந்து பார்த்தால் ஐந்தேகால் றாத்தலுக்குச் சற்றுக் கூட. அவர் தம் உஸ்தாதின் கருத்தை விட்டு, கண்ட அளவை ஏற்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 4 போத்தல் பால் 3 லீற்றர்தான். லீற்றர் விலையைக் கொடுத்துப் போத்தலை வாங்குகிறவருக்குக் காற்பங்கு நட்டம். போத்தல் விலைக்கு லீற்றரை ஊற்றிக் கொடுக்கும் மாட்டுக்காரருக்கும் அதே காற்பங்கு போகிறது. அளவில் மோசம் செய்வோரை எச்சரித்து அல்குர்ஆனில் ஒரு சூராவே (83) உண்டு.

ஆகவே விலை பேசமுன் அளவைப் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு போத்தலையும் ஒரு லீற்றர் குவளையையும் வைத்து ஊற்றிக் காட்டுங்கள்.