ஏப்ரல் 14: பம்பாய் தீயணைப்பு வீரர்கள் 66 பேரின் கதை

ஏப்ரல் 14 என்றதும் நமக்குச் சித்திரை முதல் நாளும் அம்பேத்கர் பிறந்த நாளும்தான் நினைவுக்கு வரும். அதே நாளில் நம்மூர்த் தீயணைப்பு நிலையத்துப் பக்கம் போனால் வீரர்கள் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்துவதைப் பார்க்கலாம். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுக்கத் தீயணைப்புச் சேவை வாரம். ஏன் இந்தத் தேதி என்று என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. (எனக்கும் போன வருடம் வரை தெரியாது என்பது வேறு விஷயம்!)

பம்பாய் தீயணைப்புப் படை பழமையானது. 1855இல் போலீஸின் பொறுப்பில் குதிரை வண்டிகளோடு தொடங்கியது. 1888ஆம் வருட மாநகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு தீயணைப்பு மாநகராட்சியின் கடமையானது. 1907இல் மோட்டார் வண்டி வந்தது. பஞ்சு மில்களும் கிடங்குகளும் நிறைந்த ஊர் என்பதால் பஞ்சுத் தீ அவர்களுக்குப் பழகிய எதிரி. ஆனால் 1944இல் வந்த பஞ்சு வெடிமருந்தோடு சேர்ந்து வந்தது.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருட்கள். குண்டுகள், டார்பிடோக்கள், கண்ணிவெடிகள் எல்லாம் உண்டு. கூடவே கிட்டத்தட்ட 9 லட்சம் பவுண்டு மதிப்புள்ள தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் சில போர் விமானங்களை இறக்கினார்கள். காலியான இடத்தைச் சும்மா விடுவார்களா? 8,700 பஞ்சுப் பொதிகளை ஏற்றினார்கள். மரக்கட்டை, எண்ணெய்ப் பீப்பாய்கள், மீன் உரம் என்று மற்றவையும் ஏறின. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் வைக்கக் கூடாது என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியாததல்ல. போர்க்காலம், கப்பல் பற்றாக்குறை, அவசரம்... விதி விட்டுக்கொடுக்கப்பட்டது.

ஏப்ரல் 12 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் கப்பல் நின்றது. வெடிமருந்துக் கப்பல் என்று அறிவிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. அதனால் பக்கத்திலிருந்த கப்பல்காரர்களுக்கும் கரையில் வேலை பார்த்தவர்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணி வாக்கில் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்புப் படை வந்து குழாய் குழாயாகத் தண்ணீர் பாய்ச்சியது. மொத்தம் 900 டன்னுக்கு மேல்! ஆனால் தீ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி வெளியே நனைந்தாலும் உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். கப்பலின் பக்கத் தகட்டில் ஓரிடத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. அங்கேதான் தீ என்று புரிந்துகொண்டு தகட்டை வெட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. இதற்கு மேல் ஒரு கொடுமை நடந்தது. சரக்கறையில் தண்ணீர் ஏற ஏற, எரியும் பஞ்சு மிதந்து மேல்தட்டில் இருந்த வெடிமருந்தை நெருங்கியது. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே தீயைத் தூக்கிக்கொண்டு போனது!

கரையில் அதிகாரிகளுக்குள் வாதம். கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிடலாம் என்றார் ஒருவர். அங்கே ஆழம் போதாது, மூழ்கடித்தாலும் சரக்கறை முழுதாக நனையாது என்றார் இன்னொருவர். கடலுக்கு இழுத்துப் போய்விடலாமா என்று ஒரு யோசனை. கப்பலின் இயந்திரமோ பழுதுபார்ப்பில் இருந்தது, தானாக நகராது. இதில் எது சரி என்று இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம். எனக்குப் படுவது இதுதான்: யோசனைகளுக்குப் பஞ்சமில்லை, "இதைச் செய்" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒரே ஒரு ஆள்தான் அங்கே இல்லை. துறைமுகத்தை விட்டு எல்லோரும் ஓடுங்கள் என்றுகூட யாரும் அறிவிக்கவில்லை. மக்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3.50க்குக் கப்பலை விட்டு இறங்க உத்தரவு வந்தது. 4.06க்கு முதல் வெடிப்பு. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. அருகில் நின்ற ஜலபத்மா என்ற 4,000 டன் கப்பல் தண்ணீரிலிருந்து தூக்கி வீசப்பட்டுக் கரைக் கொட்டகை மேல் விழுந்தது. 4.34க்கு இரண்டாவது வெடிப்பு, முதலாவதை விடப் பெரியது. 1,700 கிலோமீட்டர் தொலைவில் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில்கூட அதிர்வு பதிவானது. எரியும் பஞ்சு நகரத்தின் மேல் மழையாகப் பெய்ததில் குடிசைகளும் கிடங்குகளும் பற்றிக்கொண்டன. அந்தத் தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாட்கள் ஆயின.

இறந்தவர்கள் 800 முதல் 1,300 வரை என்று பல கணக்குகள் உண்டு. கூலித் தொழிலாளிகள் எத்தனை பேர் என்பது சரியாகப் பதிவாகவே இல்லை. தீயணைப்பு வீரர்களின் கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது: 66 பேர். இரண்டு மணி நேரம் புகைக்குள் நின்று தண்ணீர் பாய்ச்சியவர்கள்.

இவ்வளவு நடந்தும் செய்தி வெளியே வரவில்லை. போர்க்காலத் தணிக்கை! ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே அறிவித்துவிட்டது. இந்தியப் பத்திரிகைகளில் விவரம் வெளியிட மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. எதிரி நாட்டு ரேடியோவுக்குத் தெரிந்தது மதராஸில் பேப்பர் படித்தவருக்குத் தெரியாது.

இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். அள்ளியது சுமார் 5 லட்சம் டன். சிதறிய தங்கக் கட்டிகளில் ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்ததாம். வீட்டுக்காரர் அதை அரசிடம் ஒப்படைத்துவிட்டார். மற்றவை துறைமுகத்தைத் தூர்வாரும்போது பல வருடங்கள் கழித்தும் கிடைத்தன. 2011இல்கூட வெடிக்காத குண்டு ஒன்று சேற்றிலிருந்து வந்தது.

அந்த 66 பேருக்கு பைகுல்லாவில் உள்ள தீயணைப்புத் தலைமையகத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள்.