'ஹலோ' சொன்னால் திறந்த கணினி

1964 மே 1, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் ஹானோவர் ஊரில், டார்ட்மத் கல்லூரியின் இரண்டு டெலிடைப்களில் (கணினியோடு இணைந்த தட்டச்சு இயந்திரங்களில்) ஒரே நேரத்தில், நிரலை ஓட்டச் சொல்லும் 'ரன்' கட்டளையைத் தட்டினார்கள். ஒரே கணினி இரண்டு பேருக்கும் சரியான விடையை அச்சிட்டுத் தந்தது.

அதுவரை கணினியை நெருங்குவதே பெரும்பாடு. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் இலக்கியமும் வரலாறும் படிக்கும் பிள்ளைகளுக்கும் கணினி கைக்கெட்ட வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த அக்கறை, அதற்காக அவர்கள் உருவாக்கிய இந்த அமைப்பின் கட்டளைச் சொற்களிலேயே தெரிகிறது.

'ஹலோ' என்று தட்டினால் அமர்வு தொடங்கும். இயந்திரம் பயனர் எண்ணைக் கேட்கும். பிறகு, 'நியூ ஆர் ஓல்டு?' புது வேலையா, பழையதா என்று வீட்டில் விசாரிப்பது போலத்தான். 'ஓல்டு' என்றால் கோப்பின் பெயரைக் கேட்டு, வட்டில் 'சேவ்' செய்து வைத்திருந்ததை எடுத்துவந்து, 'ரெடி' என்று அச்சிடும். பெயர் ஆறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். கட்டளைக்கோ முதல் மூன்று எழுத்தே போதும். மெதுவாக ஓடும் டெலிடைப்பில் அது எவ்வளவு பெரிய உதவி!

இந்த அமைப்பின் மென்பொருளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளநிலை மாணவர்கள் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது.

'ஓல்டு' நெடுங்காலம் வாழ்ந்தது. 1981இல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினியிலும், கேசட்டில் பதிந்த நிரலை மீட்க அந்தச் சொல்லையே தட்டினார்கள்.