யானையைக் கட்டித் தீனி போடும் சுரின்!

கட்டுப்படியாகாத செலவு வந்தால், "யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான்" என்று அலுத்துக்கொள்வோம் இல்லையா? தாய்லாந்தின் சுரின் மாகாணத்தில் அது வெறும் பேச்சு இல்லை, தினசரிப் பாடு.

எங்கே இருக்கிறது?

பாங்காக்கிலிருந்து ரயிலில் வடகிழக்கே சுமார் 420 கி.மீ. தெற்கு எல்லையில் டாங்ரெக் மலைத்தொடர். அதைத் தாண்டினால் கம்போடியா. வடக்கே மூன் ஆறு. தாய், லாவோ மொழிகளோடு கெமர், கூய் மொழிகளும் இங்கே வீட்டுப் பேச்சு.

நெல்லும் பட்டும்

மணற்பாங்கான, வானம் பார்த்த பூமி. பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே போகம். ஆனால், விளைவதோ பேர்போன மல்லிகை அரிசி. பேரில்தான் மல்லிகை, வேகும்போது வருவது ரம்பை இலை வாசம்! நவம்பர், டிசம்பரில் அறுவடை முடிந்ததும் இளவட்டங்கள் பலர் வேலை தேடி பாங்காக்குக்கு ரயிலேறுவார்கள். பெண்கள் தறியில் உட்காருவார்கள். நூலை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, அப்புறம் நெய்யும் 'மட்மி' பட்டு இங்கே பிரசித்தம். தா சவாங் கிராமத்திலோ, ஜரிகைப் பட்டுத் தறி ஒன்றுக்கே நாலைந்து பேர் வேண்டும். நாள் முழுக்க நெய்தாலும் சில சென்டிமீட்டர்தான் நீளும்.

யானைக்கு வேலை போச்சு

யானை பிடிப்பதில் பேரெடுத்தவர்கள் கூய் மக்கள். எருமைத்தோல் கயிற்றோடு எல்லைக் காடுகளுக்குப் போய்ப் பிடித்து வருவார்கள். அந்தக் கயிற்றுக்கு வீட்டுப் பக்கத்திலேயே சின்னக் கோயில் வைத்துக் கும்பிடுவது இன்றும் உண்டு. யானை பிடிப்பது நின்ற பிறகும் மரம் இழுக்கும் வேலை இருந்தது. 1989-ல் காட்டுமரம் வெட்ட அரசு தடை போட்டது. காட்டுக்கு நல்லது, யானைக்கு வேலை போச்சு.

ஒரு நாளைக்கு 150 கிலோ தீனிக்கு எங்கே போவது? பாகன்கள் பாங்காக் தெருக்களில் யானையோடு நடந்து, கரும்பும் வாழைப்பழமும் விற்றார்கள். வாங்குகிறவர் அதை யானைக்கே ஊட்டலாம். அதற்கும் தடை வந்தது. சுற்றுலா முகாம்கள் கைகொடுத்தன. 2020-ல் கொரோனா அவற்றையும் மூட, பல யானைகள் ஊர் திரும்பின.

நீங்கள் போனால்...

1960-ல் தொடங்கிய யானைத் திருவிழா நவம்பரில் நடக்கும். ஆனால், கூட்டத்தில் பார்ப்பதைவிட தா கிளாங் கிராமத்துக்கே போய்விடுங்கள். வீட்டு வாசலில் யானை நிற்கும். மே மாதவாக்கில், துறவு ஏற்கும் இளைஞர்கள் யானை மேல் ஊர்வலம் வருவார்கள். நீங்கள் சவாரிக்குக் கொடுக்கும் காசைத் தீனிக்குக் கொடுங்கள்.

அந்த ஊர்க் கோயில் வளாகத்தில் இறந்த யானைகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. பாரம் என்று நினைத்திருந்தால், யாராவது கல்லறை கட்டுவார்களா?