பார்ரோ கொலராடோ முதல் முதுமலை வரை: ஒரு காட்டாய்வு வலையமைப்பில் வாய்ப்புகள் பரவிய வரலாறு

சூழலியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்பாடுகளின் பின்னால்தான் போகிறார்கள். யார் எதைச் சொன்னார், யார் அதை மறுத்தார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்பாட்டைச் சோதிக்கத் தரவு எங்கிருந்து வந்தது, அதைத் திரட்டியவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்துகொண்டார்கள், பயிலரங்கு நடக்கிறது என்ற சேதி யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பவை அடிக்குறிப்புக்குக்கூட வருவதில்லை. ஆனால் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஆய்வாளர்களை ஒரு வலையமைப்பாகக் கட்டி வைப்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செய்திகளே. வெப்பமண்டலக் காடுகளின் பெரும் ஆய்வுப் பரப்புகளை இணைக்கும் அமைப்பு இன்று ஃபாரஸ்ட்ஜியோ என்று அறியப்படுகிறது. அதன் உறுப்பினர்களுக்குள் செய்தியும் வாய்ப்பும் எந்த வழியில், எந்தத் திசையில் ஓடின என்பதைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வேலை. நம் நீலகிரி மாவட்டத்து முதுமலைக்கும் இலங்கையின் சிங்கராஜாவுக்கும் இந்தக் கதையில் தொடக்கத்திலிருந்தே இடம் உண்டு.

ஒப்பீட்டுக்காக முதலில் இன்னொரு வலையமைப்பைப் பார்த்துவிடலாம். 1964 முதல் 1974 வரை நடந்த பன்னாட்டு உயிரியல் திட்டம், சூழலியலில் பெருங்கூட்டு ஆய்வு சாத்தியம் என்று காட்டியது. திட்டம் முடிந்ததும் கூட்டும் கலைந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 1980-இல் ஆறு தளங்களோடு நீண்டகாலச் சூழலியல் ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. எல்டிஇஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இதில் எல்லாத் தளங்களுக்கும் படியளப்பவர் ஒருவரே. எனவே உறுப்பினர் யார் என்பதில் குழப்பமில்லை, நல்கை பெற்றவர் உறுப்பினர். கொலராடோ மலையடிவாரத்து எஸ்டெஸ் பார்க்கில் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அனைவரும் கூடுவது வழக்கமானது. செய்தி மையத்திலிருந்து தளத்துக்குப் போகும், அறிக்கை தளத்திலிருந்து மையத்துக்கு வரும். ஒரே அரசின் ஒரே கருவூலம் இருந்ததால் ஒழுங்கு தானாக வந்தது.

காட்டுப் பரப்புகளின் வலையமைப்புக்கு அந்த வசதி என்றுமே கிடைக்கவில்லை. அது தொடங்கியபோது வலையமைப்பு என்ற எண்ணமே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றைத் தேக்கியபோது நீர் சூழ்ந்து தீவானது பார்ரோ கொலராடோ என்ற குன்று. 1923 முதல் அது உயிரியல் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட இடம். அங்கே 1980-இல் ஸ்டீபன் ஹபெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 50 ஹெக்டேர் காட்டை அளந்து எல்லை குறித்தார்கள். அன்றுவரை வெப்பமண்டலக் காட்டாய்வில் ஒரு ஹெக்டேர் என்பதே மதிப்பான அளவு. ஒரு ஹெக்டேரில் பல மரவகைகளுக்கு ஒன்றோ இரண்டோ மரம்தான் சிக்கும், அதை வைத்து அந்த வகை பெருகுகிறதா, அழிகிறதா என்று எதையும் சொல்ல முடியாது. ஒரே காட்டில் இத்தனை மரவகைகள் எப்படிக் கூடி வாழ்கின்றன என்பது அவர்களுடைய கேள்வி. விடைக்கு அரிய மரங்களும் கணக்கில் வரவேண்டும், அதற்குப் பரப்பு பெரிதாக இருந்தே ஆகவேண்டும்.

அவர்கள் வகுத்த முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், பின்னால் உலகம் சுற்றியது அதுதான். 1,000 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம். அதை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி 5 மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் உள்ள எந்த மரச்செடியும் தப்பாது, சுண்டுவிரல் பருமன் கன்று வரை எண் பொறித்த அலுமினியத் தகடு ஏறும். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடுவார்கள், ஐந்தாண்டு கழித்து வருகிறவர் அதே கோட்டில் நாடாவைச் சுற்றவேண்டும் என்பதற்காக. அடிமரத்தில் பலகைவேர் பரந்திருந்தால் வேர் முடியும் இடத்துக்கு மேலே ஏணி வைத்து அளக்கவேண்டும். கோடு ஒரு சாண் இறங்கினாலும் மரம் பருத்துவிட்டதாகக் கணக்குக் காட்டும். பார்ரோ கொலராடோவின் முதல் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 300 வகைகளைச் சேர்ந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பதிவாயின. 1982–83 எல் நீன்யோ வறட்சி இடையில் வந்தது. 1985-இல் மறுபடி எண்ணியபோது பெரிய மரங்களின் சாவு கூடியிருந்தது எண்களில் தெரிந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு அந்த வறட்சியே பதிலாயிற்று.

ஆசியாவுக்கு இந்த முறை வந்தது ஆட்கள் வழியாக. டிப்டெரோகார்ப் மரங்களைத் தேடிப் போர்னியோவிலும் இலங்கையிலும் பல்லாண்டு திரிந்த தாவரவியலர் பீட்டர் ஆஷ்டன் இதில் முக்கியமான கண்ணி. மலேசிய வன ஆராய்ச்சி நிறுவனம் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 1985-இல் 50 ஹெக்டேர் பரப்பைத் தொடங்கியது, அங்கே தகடு ஏறிய மரங்கள் 3 லட்சத்தைத் தாண்டின, மரவகைகள் 800-க்கு மேல். அடுத்த இடம் முதுமலை. 1986-இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் குழு, மத்திய அரசின் நிதியில் 1988-இல் அங்கே 50 ஹெக்டேரை அளந்து எல்லை போட்டது. முறை பனாமாவுடையது, பணமும் கேள்விகளும் இந்தியாவுடையவை. இந்த வேறுபாட்டைப் பிற்கால வரலாறுகள் எளிதாகத் தாண்டிவிடுகின்றன. முதுமலை எந்தத் தலைமையகமும் திறந்த கிளை அல்ல.

முதுமலையின் முதல் கணக்கில் 70 வகைகளைச் சேர்ந்த சுமார் 26,000 மரங்கள் மட்டுமே. ஒரு ஹெக்டேருக்குப் பாசோவில் ஆறாயிரத்துக்கு மேல் என்றால் இங்கே ஐநூறு சொச்சம். இது இலையுதிர் காடு, கோடையில் தரைத்தீ ஓடும், யானை மரத்தை முறிக்கும், பட்டையை உரிக்கும். முதல் சில ஆண்டுகளிலேயே யானைக்குப் பிடித்தமான கைடியா காலிசினா என்ற மரவகை சரசரவென்று குறைந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற பனாமா வழக்கத்தை இங்கே அப்படியே பின்பற்றியிருந்தால் மரம் எப்போது செத்தது, தீயாலா யானையாலா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதனால் முதுமலைக்காரர்கள் சாவையும் புதுக்கன்றையும் ஆண்டுதோறும், பருமனை நான்காண்டுக்கு ஒருமுறை என்று தங்களுக்கென ஒரு காலக்கணக்கை வைத்துக்கொண்டார்கள். மழை பொய்த்த ஆண்டிலேயே மரங்கள் சாவதில்லை, இரண்டு மூன்று ஆண்டு தள்ளித்தான் சாவு கூடுகிறது என்று 2010-இல் அவர்கள் எழுத முடிந்தது இந்த ஆண்டுக் கணக்கால்தான். பொது விதியை மீறிய உறுப்பினரிடமிருந்து கிடைத்த இந்த முடிவு, இந்த வலையமைப்பின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று என்பது என் கருத்து.

1990-இல் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆராய்ச்சி நிறுவனம் வெப்பமண்டலக் காட்டு அறிவியல் மையம் ஒன்றை நிறுவியது, ஆங்கிலச் சுருக்கத்தில் சிடிஎஃப்எஸ். தனித்தனியாகத் தோன்றிய பரப்புகள் அப்போதுதான் ஒரு பெயருக்குக் கீழ் வந்தன. தாய்லாந்தின் ஹுவாய் கா கேங், சரவாக்கின் லம்பிர், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக இணையரின் முயற்சியில் 25 ஹெக்டேராக அமைந்த சிங்கராஜா, ஈக்வடாரின் யாசுனி, கேமரூனின் கோருப் எனப் பட்டியல் நீண்டது. இந்த மையத்திடம் எல்லாருக்கும் படியளக்கும் கருவூலம் இல்லை. ஒவ்வொரு பரப்பும் அந்தந்த நாட்டின் காட்டில், அந்தந்த வனத்துறையின் அனுமதியோடு, பெரும்பாலும் உள்ளூர் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. கட்டளையிட முடியாத மையம் உறுப்பினர்களை எதைக் கொண்டு பிடித்து வைப்பது?

கொடுக்கக் கூடியதைக் கொடுத்துப் பிடித்து வைத்தது. முதலில் கொடுத்தது முறை. ரிச்சர்டு காண்டிட் 1998-இல் வெளியிட்ட கணக்கெடுப்புக் கையேடு, கயிறு கட்டுவது முதல் தரவைத் திருத்துவது வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னது. புதிதாகத் தொடங்குகிறவர் பனாமாவுக்கு விமானம் ஏறவேண்டிய தேவை பெருமளவு குறைந்தது. இரண்டாவதாகக் கொடுத்தது சேதி. எந்தக் காட்டில் கணக்கெடுப்பு முடிந்தது, என்ன கட்டுரை வந்தது, எங்கே கூடுகிறோம் என்பவை செய்திமடலிலும் கடிதத்திலும் சுற்றின. மூன்றாவதாகக் கொடுத்தது கட்டுரையில் ஓர் இடம். 2000-இல் சயின்ஸ் இதழில் வந்த காண்டிட் குழுவின் கட்டுரை பனாமா, மலேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா ஆகியவற்றின் ஆறு பரப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏறத்தாழ எல்லா மரவகைகளும் கூட்டமாகவே நிற்கின்றன, அரிய வகைகள் இன்னும் நெருக்கமாக நிற்கின்றன என்பது அதன் முடிவு. தனி ஒரு காட்டை வைத்து இதைப் பொதுவிதியாகச் சொன்னால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். குணதிலக இணையர், பாசோவின் மனோகரன், சுகுமார் ஆகியோரின் பெயர்கள் ஆசிரியர் வரிசையில் இருந்தன. உறுப்பினராக இருப்பதால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடையை எந்தச் செய்திமடலும் தந்திருக்க முடியாது.

அடுத்த பத்தாண்டில் பற்றாக்குறை இடம் மாறியது. மரம் எண்ணுவதில் எல்லாருக்கும் கை பழகிவிட்டது. எண்ணியதை என்ன செய்வது என்பதில்தான் தேக்கம். மூன்று நான்கு கணக்கெடுப்பு முடித்த பரப்பில் லட்சக்கணக்கான வரிகள் குவிந்திருந்தன, அவற்றைப் புள்ளியியல் முறையில் அலசத் தெரிந்தவர்கள் அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். 2000-களில் வழக்கமாகிய பகுப்பாய்வுப் பயிலரங்குகள் இந்த இடைவெளிக்கான மருந்து. வருகிறவர் தன் காட்டின் தரவையும் தன் கேள்வியையும் கொண்டுவர வேண்டும், சில வாரம் கூட உட்கார்ந்து நிரல் எழுதக் கற்று, கட்டுரையின் வரைவோடு ஊர் திரும்பவேண்டும். இதனோடு இளம் ஆய்வாளர்களுக்கான சிறு நல்கைகளும் சேர்ந்தன. ஆர் என்ற நிரல்மொழியின் பெயர் காட்டுக்காரர்களின் பேச்சில் புழங்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

வாய்ப்பின் இயல்பு இங்கே மாறிவிட்டதைக் கவனிக்கவேண்டும். 1990-களின் வாய்ப்பு நிறுவனங்களுக்கானது, 2000-களின் வாய்ப்பு தனிமனிதருக்கானது. முனைவர் பட்ட மாணவர், முதல் வேலை தேடுகிறவர், ஆங்கிலத்தில் திட்டவரைவு எழுதத் தெரிந்தவர்தான் அந்த அறிவிப்பின் வாசகர். தகடு அடிப்பவரும், பூவும் காயும் இல்லாத நாளிலும் இலையைக் கசக்கி முகர்ந்து மரத்தின் பெயர் சொல்லும் உள்ளூர்க்காரரும் அந்த வாசகர் கூட்டத்தில் இல்லை. இத்தனைக்கும் ஒரு பரப்பின் தரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. தவறாகப் பெயரிட்ட கன்றை எந்தப் புள்ளியியல் நிரலும் திருத்தாது. மாணவர்கள் மூன்றாண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், இவர்கள் இருபது முப்பது ஆண்டு அதே காட்டில் இருப்பார்கள். நன்றியுரையில் ஒரு வரியோடு இவர்களுடைய கணக்கை முடித்துவிடுவது இந்தத் துறையின் பழைய பழக்கம். அது முறையல்ல.

2000-களின் நடுவிலிருந்து சீனாவின் சாங்பாய்ஷான், குத்தியான்ஷான் போன்ற இடங்களிலும், பிறகு வட அமெரிக்க, ஐரோப்பிய மிதவெப்பக் காடுகளிலும் பரப்புகள் எழுந்தன. அமைப்பின் பெயரும் ஃபாரஸ்ட்ஜியோ என்றானது. 2015-இல் வெளிவந்த தொகுப்புக் கட்டுரை 24 நாடுகளில் 59 பரப்புகளைப் பட்டியலிட்டது. இன்று எண்ணிக்கை 70-ஐத் தாண்டிவிட்டது. கூட்டுக் கட்டுரைகளும் பெருத்தன. மரம் பெரிதாகப் பெரிதாக அது ஆண்டுதோறும் சேர்க்கும் கரிமமும் கூடிக்கொண்டே போகிறது என்று 403 மரவகைகளை வைத்துக் காட்டிய 2014-ஆம் ஆண்டின் நேச்சர் கட்டுரைக்கு இந்தப் பரப்புகளின் அளவுகளும் கைகொடுத்தன. சீனப் பரப்புகளின் வளர்ச்சி வேகமானது, தங்களுக்கென ஒரு தேசிய வலையமைப்பையும் அவர்கள் கட்டிக்கொண்டார்கள். இந்தியாவில் அந்த வேகம் இல்லை. 2015-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நீண்டகாலச் சூழலியல் கண்காணிப்பகத் திட்டத்தை அறிவித்தபோது முதுமலைக்கு வயது இருபத்தேழு.

இப்போதைய பூசல் தரவைத் திறப்பது பற்றியது. பார்ரோ கொலராடோவின் முழுத் தரவும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் இருக்கிறது. வேறு பல பரப்புகளின் தரவு வேண்டுமென்றால் அதன் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்கவேண்டும், எதற்கு என்று சொல்லவேண்டும். இதைக் கஞ்சத்தனம் என்று பழிப்பவர்கள் உண்டு. திறந்த தரவு அறிவியலுக்கு நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் செயற்கைக்கோள் நிறுவனம் தன் படங்களை இலவசமாகத் தருவதும் பேராதனையோ பெங்களூரோ தன் மரக்கணக்கைத் தருவதும் ஒன்றல்ல. அங்கே செலவை ஓர் அரசு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டது. இங்கே அடுத்த கணக்கெடுப்புக்கான பணத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடவேண்டும், தேடும்போது காட்டுவதற்குக் கையிருப்பில் உள்ளது அந்தத் தரவு மட்டுமே. வெப்பமண்டலக் காட்டுத் தரவாளர்கள் பலர் சேர்ந்து 2022-இல் நேச்சர் எக்காலஜி அண்டு எவல்யூஷன் இதழில் இதையே எழுதினார்கள். தரவைப் பயன்படுத்துகிறவர்கள் அதைத் திரட்டும் செலவிலும், திரட்டுகிறவர்களின் பயிற்சியிலும், வேலை நிலைப்பிலும் பங்கேற்கவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை.

அந்தக் கோரிக்கையை வலையமைப்பின் நாற்பதாண்டு வரலாற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதன் பொருள் இன்னும் துலங்கும். முறை கேட்டார்கள், கையேடு வந்தது. பகுப்பாய்வுத் திறன் கேட்டார்கள், பயிலரங்கு வந்தது. களப்பணியாளரின் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றிய அறிவிப்புதான் உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு வரவேண்டிய அடுத்த தாள். எல்டிஇஆர் போல ஒற்றைக் கருவூலம் இல்லாத அமைப்பில் அந்தத் தாளில் யார் கையெழுத்திடுவது என்பதுதான் இன்றைய சிக்கல். ஸ்மித்சோனியன் மட்டும் போட முடியாது, அந்தந்த நாட்டு அரசுகளையும் தரவை இறக்கிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் நல்கையாளர்களையும் சேர்த்துத்தான் போடமுடியும்.