நீரைக் காக்கப் புறப்பட்டவர்கள்

குமரிமுனையில் நின்று நோக்குவோருக்கு எந்த அலை எந்தக் கடலுக்குரியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அக்கரையில்தான் 1989ஆம் ஆண்டு மே முதல் நாளன்று இந்தியக் கடலோரத்து மீனவ மக்கள் திரண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் அணி கிழக்கே வங்கத்திலிருந்தும், மற்றோர் அணி மேற்கே பம்பாய்ப் பகுதியிலிருந்தும் புறப்பட்டு, கடலோர ஊர்களில் மக்களைச் சந்தித்து, ஏறத்தாழ ஒரு மாதகாலம் பயணம் செய்து அங்கு வந்து சேர்ந்தன. தேசிய மீன்தொழிலாளர் பேரவை நடத்திய அப்பயணத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர், ரிடெம்ப்டரிஸ்ட் சபைத் துறவியான அருட்தந்தை தாமஸ் கோச்சேரி. ‘நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்’ என்பதே அவர்களது முழக்கமாய் இருந்தது.

கடலை நம்பி வாழ்வோர் ‘கடல்’ என்னாது ‘நீர்’ என்றது ஏன்? ஆலைக்கழிவு ஆற்றில் கலந்தால் அது முகத்துவாரம் வந்து சேரும். மீன் குஞ்சுகள் வளரும் அலையாத்திக் காடுகள் அழிந்தால் வலை வெறுமையாகும். இழுவைமடிகள் கடலடியைச் சுரண்டினால் நாளைய மீனும் இன்றே அழியும். இவற்றையெல்லாம் அம்மக்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. குறைந்துவந்த பாடுகளிலிருந்து அறிந்தனர். மலையின் மழையும் ஆற்றின் ஓட்டமும் கடலின் வளமும் ஒரே நீரின் பல நிலைகள் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இவ்வுண்மைக்குக் குமரி மாவட்டமே சான்றாயிற்று. 1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கு உடன்படிக்கை செய்தபின், அதற்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் கொண்டுசெல்லும் திட்டம் பேசப்பட்டது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையை நம்பியே நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைந்தன. கடல் என்னாகுமோ என்று அஞ்சிய மீனவரும், வாய்க்கால் வறளுமோ என்று அஞ்சிய உழவரும் ஒரே கவலையில் இணைந்தனர். குமரிமுனைப் பேரணியிலும் அணுமின் நிலைய எதிர்ப்பு ஒலித்தது. அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, சிலர் காயமுற்றனர். அமைதியாக முடிந்திருக்கவேண்டிய நாள் அவ்வாறு முடிந்தது.

எனினும் அக்குரல் வீண்போகவில்லை. 1991 பிப்ரவரியில் நடுவண் அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டு, உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையிலான பகுதியைக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. மீனவர் பயணம் ஒன்றே அதற்குக் காரணம் என்பது மிகையாகும். ஆயினும் கடற்கரை வெறும் மனைநிலம் அன்று என்பதை நாடறியச் செய்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. கூடங்குளத்திற்கும் பிற்காலத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே அமைந்தது. பெற்றவை யாவும் நிலைக்கவுமில்லை. மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோர ஊர்ப்புறங்களில் கட்டடம் எழுப்பத் தடையிருந்த 200 மீட்டர் எல்லை, 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையால் 50 மீட்டராகச் சுருங்கியது.

இதற்கிடையே 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியது. குறுகிய நேரத்தில் வலுப்பெற்ற அப்புயலில், ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தமிழக, கேரள மீனவர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பலரது உடல்கூடக் கரைசேரவில்லை. கடல் வெப்பமடைய வெப்பமடையப் புயல்கள் விரைந்து வலுப்பெறும் வாய்ப்பு மிகும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். புவியை வெப்பமாக்கும் புகைக்கு மிகக் குறைந்த பங்களித்தோரே அதன் விலையை முதலில் செலுத்துகின்றனர். 2015இல் வெளிவந்த ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்குமாறு நம்மை அழைத்ததன் பொருள் இதுவே.

ஆகவே தூய ஆற்றல் நமக்குத் தேவை, அதில் ஐயமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முப்பந்தலில் பல்லாண்டுகளாக மின்சாரமாகி வருகிறது. தமிழகக் கடலிலும் 500 மெகாவாட் அளவில் காற்றாலைகள் அமைக்க உதவும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. புகையற்ற மின்சாரம் நல்லதே. ஆனால் அக்கடலில் வலைவீசுவோரைக் கேளாமல் தூண்கள் நடப்படுமானால், 1989இன் பாடத்தை நாம் கற்கவில்லை என்றே ஆகும். ஓர் ஆற்றல் தூயதா என்பதைப் புகையைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. அது யாருடைய நீரைத் தொடுகிறது, அவர்களுக்கு நீதி செய்கிறதா என்பதையும் கொண்டே அளக்கவேண்டும்.

அன்று அப்பயணத்தை உள்நாட்டுப் பங்குகளில் வாழ்ந்த நம்மில் பலர் மீனவரின் தனி வழக்கு என்றே எண்ணி ஒதுங்கினோம். நம் குளங்கள் தூர்ந்து, கிணறுகள் உப்பேறிய பின்னரே அது நம் வழக்கும்கூட என உணர்கிறோம். திருமுழுக்கில் நம்மைத் தொட்ட நீருக்கு ஊரும் இல்லை, குலமும் இல்லை. அதைக் காக்க நெடுந்தொலைவு வந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி ஒன்றே: நம் ஊர்க் குளத்தைத் தூர்வாரும் நாளில் கடலோரத்து மக்களையும், கடலைப் பற்றி முடிவெடுக்கும் நாளில் அவர்களது சொல்லையும் நினைவில் கொள்வது.